பதுங்குகுழி மடல்கள்

போர்களின் வரலாறு பெரும்பாலும் படைத்தலைவர்களைப் பற்றியும் வெற்றி தோல்விகளைப் பற்றியுமே பேசுகிறது. களத்தில் நின்ற எளிய வீரர் எதற்கு அஞ்சினார், யாரை எண்ணி ஏங்கினார் என்பதை அவருடைய மடல்களும் அவர் கைகள் செய்த பொருள்களும் உணர்த்துகின்றன.

முதல் உலகப்போரின்போது (1914–1918) பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட இந்தியர் கடல்கடந்து பணியாற்றினர். ஏறத்தாழ 74,000 பேர் உயிர்நீத்தனர். 1914 செப்டம்பர் இறுதியில் பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் இறங்கிய இந்தியப் படையினர், சில வாரங்களிலேயே சேறும் குளிரும் நிறைந்த பதுங்குகுழிகளில் நின்றனர்.

அவர்களுள் பலர் எழுத்தறியாதவர். ஒருவர் சொல்ல மற்றொருவர் எழுதுவார். ஊரில் எழுத்தறிந்தவர் அதனை உரக்கப் படிப்பார். இடையில் தணிக்கை அலுவலர் இருந்தார். இதனை அறிந்த வீரர்கள் குறிப்புச் சொற்களைக் கையாண்டனர். ‘மிளகு’ என்பது இந்திய வீரரையும், ‘மிளகாய்’ என்பது ஆங்கிலேய வீரரையும் குறித்தது. தணிக்கைக்காக மொழிபெயர்க்கப்பட்ட மடற்பகுதிகள் இன்று பிரித்தானிய நூலகத்தில் உள்ளன. கண்காணிக்க எழுந்த ஏற்பாடே அக்குரல்களைக் காத்தது என்பது வியப்பிற்குரியது.

பிரித்தானியப் படையில் அச்சிட்ட அஞ்சலட்டை ஒன்றும் வழங்கப்பட்டது. நலமாக உள்ளேன், மருத்துவமனையில் உள்ளேன் என்பன போன்ற தொடர்களுள் பொருந்தாதவற்றை அடித்துவிட்டுக் கையொப்பமிட வேண்டும். வேறு சொல் சேர்த்தால் அட்டை அழிக்கப்படும்.

சொல்ல இயலாததைக் கைகள் சொல்லின. சுடப்பட்ட பீரங்கிக் குண்டுகளின் பித்தளைக் கூடுகள் பூச்சாடிகளாயின. துப்பாக்கித் தோட்டாக்கள் மடல் பிரிக்கும் கத்திகளாயின. காயமுற்றோர் மருத்துவமனைகளில் பூத்தையல் பழகினர். உயிர் பறிக்கச் செய்த உலோகம் வீட்டிற்கு அனுப்பும் பரிசாயிற்று.

இவற்றை வகுப்பறையிலும் செய்து பார்க்கலாம். இடப்பெயரோ படையின் நகர்வோ இன்றி ஒரு மாணவர் தாய்க்கு மடல் எழுதுகிறார். மற்றொருவர் தணிக்கையாளராக அதனை அடிக்கிறார். மூன்றாமவர் எஞ்சியதை உரக்கப் படிக்கிறார். தாயை அடைவது எது, அடையாமற்போவது எது என்பது அப்போது தெரியும். மெல்லிய தகட்டில் மழுங்கிய எழுதுகோலால் ஓர் இலையை அழுத்தி வரைபவருக்கு, அவ்வேலை வேண்டும் பொறுமை விளங்கும். காத்திருப்பின் நீண்ட பொழுதுகளை வீரர்கள் எவ்வாறு கடந்தனர் என்பதும் ஓரளவு புலப்படும்.

எனினும், வகுப்பறையில் குளிரில்லை, குண்டொலியில்லை, உயிரச்சமில்லை. எனவே, இப்பயிற்சி வீரரின் துன்பத்தை முழுமையாக உணர்த்தாது. பழைய மடல் ஒன்றில் ‘நலம்’ என்னும் சொல்லைக் காணும்போது, அதனை எழுதியவர் எவற்றைச் சொல்லாமல் விட்டிருப்பார் என்று வினவும் பழக்கத்தை அது தரும். வரலாற்றைப் படிப்பவருக்கு அவ்வினா இன்றியமையாதது.