பெல்ற்றைப் போடுங்கோ தம்பி

போர்க்காலத்தில் எங்கள் வீதிகளில் ஓடிய பழைய ஒஸ்ரின், மொரிஸ் மைனர் கார்களில் ஆசனப்பட்டி இருக்கவில்லை. மண்ணெண்ணெயில் புகைவிட்டபடி, கிடங்கு பார்த்துத்தான் அவை போயின. இன்று ஏ9 வீதி காப்பெற் வீதி. வேகம் வந்துவிட்டது, பட்டி அணியும் பழக்கம் இன்னும் முழுதாக வரவில்லை.

வேகத்தின் விலையைச் சாவகச்சேரி கண்டிருக்கிறது. 2016 டிசெம்பரில் சங்கத்தானையில் வானும் பஸ்ஸும் மோதியபோது, தெற்கிலிருந்து வானில் வந்த பத்துப் பேரளவில் உயிரிழந்தார்கள்.

அண்மையில் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்கு நாங்கள் சிலர் வான் பிடித்துப் போனோம். சாரதித் தம்பி பட்டி போடவில்லை. கேட்டதற்கு, "பொலிஸ் நிண்டால் போடுவன் அக்கா" என்றார். "பொலிஸ் தண்டம்தான் எழுதும். வீட்டில பிள்ளைக்கு ஆர் பதில் சொல்லுறது?" என்றேன். பேசாமல் இழுத்து மாட்டினார்.

இலங்கையில் சாரதியும் முன் ஆசனத்தில் இருப்பவரும் பட்டி அணிய வேண்டும் என்பது 2011 முதல் சட்டம். சட்டத்துக்கும் மேலான காரணம் உண்டு. வாகனம் சடுதியாக நின்றாலும் எங்கள் உடல் அதே வேகத்தில் முன்னே பாயும். பட்டி அந்த விசையைத் தோளுக்கும் நெஞ்செலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் பகிர்ந்து தாங்குகிறது. முன் ஆசனத்தில் இருப்பவர் இறக்கும் ஆபத்து ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறது. இன்றுள்ள மூன்றுமுனைப் பட்டியை 1959இல் வடிவமைத்தவர் சுவீடன் நாட்டுப் பொறியியலாளர் நில்ஸ் பொலின். அவர் வேலைசெய்த வொல்வோ நிறுவனம் மற்றக் கார் நிறுவனங்களும் அதைப் பயன்படுத்த இடம்கொடுத்தது.

சகோதரிகளே, நாங்கள் கவனிக்க வேண்டியவை சில:

பட்டியைக் கைக்குக் கீழாலோ முதுகுக்குப் பின்னாலோ விடக்கூடாது. கர்ப்பிணிகளும் அணியலாம், கீழ்ப்பட்டி வயிற்றுக்குக் கீழே இடுப்பெலும்பில் படியவும், மேற்பட்டி மார்புகளுக்கு நடுவே போகவும் வேண்டும். குழந்தையை மடியில் வைத்து முன் ஆசனத்தில் இருக்காதீர்கள். மோதும் வேளையில் எந்தத் தாயின் கையாலும் பிள்ளையைப் பிடித்துவைக்க முடியாது. பின் ஆசனத்தில் பட்டி இருந்தால் அதையும் போடுங்கள். பட்டி போடாமல் பின்னால் இருப்பவர் தூக்கி எறியப்பட்டு முன்னால் இருப்பவரையும் கொல்லக்கூடும்.

"கொடிகாமம் மட்டும்தானே" என்று சொல்லும் சின்னப் பயணத்துக்கும் இது பொருந்தும்.

உழைக்கிற ஒருவர் இல்லாமல் போனால் ஒரு வீடு என்னவாகும் என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை. போரை நிறுத்த எங்களால் முடியவில்லை. வான் புறப்பட முன்னம் "பெல்ற்றைப் போடுங்கோ தம்பி" என்று சொல்ல எங்களால் முடியும். மகனிடமும் கணவரிடமும் வாடகை வான்காரரிடமும் கூச்சப்படாமல் சொல்லுவோம்.