எழுத அஞ்சலாமா?

ஒரு சோதனையைச் செய்யச் சொன்னால் உற்சாகமாகச் செய்வீர்கள். செய்ததை எழுதச் சொன்னால்? பேனா நகர மறுக்கிறது அல்லவா? இயற்பியல் கற்பிக்கும் எனக்கும் இந்த அச்சம் இருந்தது. அது நீங்கிய கதையைச் சொல்கிறேன்.

காஞ்சிபுரத்தை அடுத்த முசரவாக்கத்தில், ஒரு கோடை விடுமுறையில், மாணவர் சிலருக்குச் சோதனைகள் கற்றுத்தர ஒப்புக்கொண்டேன். தனி ஊசல் சோதனைக்கு ஒரு செய்முறைக் குறிப்பு எழுத வேண்டும். பல ஆண்டுகள் கற்பித்த சோதனைதான். ஆயினும் முதல் வரி வர மூன்று நாள் ஆயிற்று! என் மனக்கண்ணில் நின்றவர்கள் மாணவர்கள் அல்லர். குற்றம் காணக்கூடிய சக ஆசிரியர்கள். அவர்களுக்கு அஞ்சி, பெரிய பெரிய சொற்களாகப் போட்டு ஒரு பக்கத்தை நிரப்பினேன்.

அதைப் படித்து, நெசவாளர் வீட்டுச் சிறுமி ஒருத்தி சோதனை செய்தாள். ஊசலின் நீளம் 100 செ.மீ. 20 அலைவுகளுக்கு 38.1 வினாடி என்று குறித்தாள். கணக்கிட்டால் புவிஈர்ப்பு முடுக்கம் ஏறத்தாழ 10.9 மீ/வி² என்று வந்தது. 9.8 அல்லவா வர வேண்டும்? பிழை எங்கே?

கடிகாரத்தை ஓடவிட்டபோதே அவள் 'ஒன்று' என்று எண்ணியிருந்தாள். ஆகவே, அவள் அளந்தது 19 அலைவுகளைத்தான். 20 அலைவுகளுக்குச் சுமார் 40.1 வினாடி ஆகும். குற்றம் அவளுடையதன்று. எப்படி எண்ணுவது என்று நான் எழுதவே இல்லை!

"பூஜ்யத்திலிருந்து எண்ணணும்னு ஒரு வரி போட்டிருந்தா போதுமே, சார்" என்றாள்.

உடனே எழுதினேன்: 'ஊசல் நடுநிலையை வலப்புறமாகக் கடக்கும்போது கடிகாரத்தை ஓடவிடு, "பூஜ்யம்" என்று சொல். மீண்டும் அதே திசையில் கடக்கும்போது "ஒன்று" என்று சொல்.' இதை எழுதும்போது அச்சம் தோன்றவில்லை. ஏன்? யாருக்காக எழுதுகிறேன் என்பது தெரிந்துவிட்டது.

ஊசல் சோதனையில் ஒரு வரி விடுபட்டால் விடைதான் தவறும். மருத்துவ நூலில் விடுபட்டால்? அத்தகைய பொறுப்பைத் துணிந்து ஏற்ற ஒருவரைப் பார்ப்போம். அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். தமிழ் அவருக்குத் தாய்மொழியன்று. நவீன மருத்துவத்துக்கு வேண்டிய கலைச்சொற்களும் அப்போது தமிழில் போதிய அளவு இல்லை. எனினும் அவர் தயங்கவில்லை. 1864 முதல் தமிழிலேயே பாடம் நடத்தினார். மாணவர்களின் துணையுடன் உடற்கூறு, அறுவை மருத்துவம் முதலிய துறைகளில் பாடநூல்களை உருவாக்கினார். தமிழறிந்து முடித்தபின் எழுதலாம் என்று அவர் காத்திருந்தால் அந்நூல்கள் வந்திருக்குமா?

'நான் அத்துறை வல்லுநன் அல்லவே' என்பது இன்னொரு தயக்கம். பெ. நா. அப்புசாமி தொழிலால் வழக்கறிஞர். 1917இல் தம் முதல் அறிவியல் கட்டுரையை வெளியிட்டார். பல பத்தாண்டுகள் தொடர்ந்து எழுதித் தமிழில் அறிவியல் எழுத்துக்கு வழிகாட்டியானார்.

நீங்கள் என்ன செய்யலாம்? முதலில், விளக்கப்போகும் செயலை ஒருமுறை நீங்களே செய்யுங்கள். அடுத்து, அதை அறியாத உங்கள் தம்பிக்கோ தங்கைக்கோ சொல்வதுபோல், ஒரு வரிக்கு ஒரு செயலாக எழுதுங்கள். பின்பு அதை அவர்களிடம் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் வாய் திறக்கக்கூடாது! அவர்கள் எங்கே தடுமாறுகிறார்களோ, அங்கேதான் நீங்கள் எழுத மறந்த வரி இருக்கிறது.

காஞ்சிபுரத்துத் தறியில் பாவு இழை ஒன்று அறுந்தால், நெசவாளர் பாவையே தூக்கி எறிவதில்லை. அறுந்த இழையை முடிந்துவிட்டு மேலே நெய்கிறார். எழுத்தும் அப்படித்தான்.

முதல் பயிற்சியாக, மிதிவண்டிச் சக்கரத்துக்குக் காற்றடிப்பது எப்படி என்று இன்றே பத்து வரிகள் எழுதிப் பாருங்களேன்!