அலைகாட்டியின் நெளிவு

எங்கள் பௌதிக ஆய்வுக்கூடத்துப் பழைய ஆஸிலாஸ்கோப்பில் காலையில் ஒளிக்கோடு நெளியும்; அரைமணி சென்றால் நேராகும். கம்பியை மாற்றினோம். மறுநாளும் அதே கதை. உள்ளீட்டைப் புவியோடு இணைத்த பின்பும் நெளிந்ததால், குற்றம் உள்ளேதான் என்று தெரிந்தது. கட்டத்துக்கு 10 மில்லிசெகண்டு வைத்துப் பார்த்தோம். கட்டத்துக்கு ஓர் அலை, அதாவது செகண்டுக்கு 100! வெளி மின்சாரம் கலந்திருந்தால் 50 தானே வரும்? 50 சுழற்சி மின்சாரத்தை முழு அலையாகத் திருத்தும்போது 100 துடிப்புகள் உண்டாகின்றன. அவற்றைச் சமன்செய்யும் எலெக்ட்ரோலிட்டிக் கன்டென்சர் முதுமையில் உலர்ந்துவிட்டிருந்தது. சூடேறினால் சற்றே தேறும். அதனால்தான் இத்தனை நாள் ஏமாந்தோம். அணைத்த பின்னும் அதில் மின்னேற்றம் தங்கும். ஆகையால் ஸிஸ்டர் அதை ஒரு மின்தடை வழியே வடித்த பிறகே எங்களைத் தொடவிட்டார். புதியது பொருத்தியபின் கோடு காலையிலேயே நேராக நிற்கிறது.