மட்டாஞ்சேரியில் ஒரு நாள்

மும்பையில் தினமும் சி.எஸ்.எம்.டி. வரை போய்வருகிற நம் அன்பர்கள் எல்லோரும் மஸ்ஜித் நிலையத்தைக் கடந்திருப்பீர்கள். பெயரைக் கேட்டால் மசூதி என்றுதான் நினைப்போம். ரயில்வேயில் பாதைப் பராமரிப்புப் பிரிவில் முப்பத்தாறு ஆண்டுகள் இருந்த நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பணிக்காலத்தின் பிற்பகுதியில் ஒரு மூத்த அதிகாரி வேறொரு கதை சொன்னார். 1796-ல் பெனே இஸ்ரேல் யூதர்கள் அந்த வட்டாரத்தில் ஒரு ஜெபக்கூடம் நிறுவினார்கள். ஊர் மக்கள் அதைப் பழைய மஸ்ஜித் என்று அழைக்க, அதுவே நிலையத்தின் பெயராயிற்று என்பார்கள். இத்தனை வருஷம் தண்டவாளத்தைப் பார்த்தேனே தவிர ஊரைப் பார்க்கவில்லையே என்று அன்று தோன்றியது.

ஓய்வுபெற்ற பிறகு அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ள மனைவியையும் பன்னிரண்டு வயதுப் பேத்தியையும் அழைத்துக்கொண்டு கொச்சிக்குப் போனேன். ஒரே நாளில், நடந்தும் ஆட்டோவிலுமாக, பல மதத்தாரின் வழிபாட்டு இடங்களைப் பார்க்க முடிந்தது. விடுமுறைக்குப் போகும் குடும்பங்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

துறைமுகம் பிறந்த கதை

சங்கப் பாடல்களில் வரும் முசிறியை நாம் அறிவோம். மிளகு ஏற்ற யவனர் கப்பல்கள் வந்த அந்தத் துறைமுகம் இன்றைய கொடுங்கல்லூர்ப் பகுதியில் இருந்தது. 1341-ல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் அதைத் தூர்த்து, தெற்கே கொச்சியில் கடலுக்கு வழி திறந்துவிட்டது என்பர். வியாபாரம் கொச்சிக்கு நகர, பின்னாலேயே மனிதர்களும் அவரவர் தெய்வங்களும் வந்தார்கள்.

தேவாலயங்கள்

காலையில் ஃபோர்ட் கொச்சியிலிருந்து தொடங்கினோம். புனித பிரான்சிஸ் தேவாலயம் 1503-ல் போர்த்துக்கீசியர் மரத்தால் கட்டியது. 1516-ல் கல் கட்டடமாயிற்று. வாஸ்கோ ட காமா 1524-ல் கொச்சியில் இறந்தபோது இங்கேதான் அடக்கம் செய்தார்கள். 1539-ல் எலும்புகளை லிஸ்பனுக்கு எடுத்துச் சென்றுவிட்டார்கள். கல்லறைக் கல் மட்டும் இருக்கிறது. 1663-ல் டச்சுக்காரர் கொச்சியைப் பிடித்ததும் கத்தோலிக்கக் கோவில் சீர்திருத்த சபையாருடையதாயிற்று. பிறகு ஆங்கிலேயர் வந்து ஆங்கிலிக்கன் ஆக்கினார்கள். இன்று அது தென்னிந்தியத் திருச்சபையின் ஆலயம். ஆட்சி மாறியபோதெல்லாம் வழிபாடு மாறியது, சுவர் மாறவில்லை.

உள்ளே தலைக்கு மேல் வரிசையாகத் துணி விசிறிகள் தொங்குகின்றன. கயிறு சுவரைத் தாண்டி வெளியே போகிறது. வெளியே ஓர் ஆள் வெயிலில் உட்கார்ந்து இழுக்க, உள்ளே இருப்பவர்களுக்குக் காற்று வரும். அந்தக் கயிறு போகும் வழியைக் கண்ணால் தொடர்ந்துகொண்டே வந்த பேத்தி, “இழுக்கிறவருக்கு யாரு தாத்தா விசிறுவாங்க?” என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

அருகிலுள்ள சாந்தா குரூஸ் பேராலயம் 1905-ல் அபிஷேகமானது. இதற்கு முந்தைய பேராலயத்தை 1795-க்குப் பின் ஆங்கிலேயர் இடித்துவிட்டார்கள். அதன் கருங்கல் தூண் ஒன்றை வளாகத்தில் வைத்திருக்கிறார்கள்.

மட்டாஞ்சேரியில் இன்னொரு முக்கியமான இடம் கூனன் குரிசுப் பள்ளி. போர்த்துக்கீசிய மதகுருமாரின் அதிகாரத்தை இனி ஏற்பதில்லை என்று 1653 ஜனவரி 3-ஆம் தேதி சிரியன் கிறிஸ்தவர்கள் இங்கே சத்தியம் செய்தார்கள். கூட்டம் அதிகமாக இருந்ததால் சிலுவையில் கயிறு கட்டி, அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உறுதி எடுத்தார்களாம். இழுப்பில் சிலுவை கூனிவிட்டது, அதனால்தான் இந்தப் பெயர் என்கிறார்கள்.

அரண்மனையும் பகவதியும்

மட்டாஞ்சேரி அரண்மனையை டச்சு அரண்மனை என்று சொன்னாலும் கட்டியவர்கள் போர்த்துக்கீசியரே. ஒரு கோவிலைக் கொள்ளையடித்ததால் ஏற்பட்ட மனக்கசப்பைத் தீர்க்க, சுமார் 1555-ல் கட்டி கொச்சி அரசர் வீர கேரள வர்மருக்குக் கொடுத்தார்கள் என்பது வரலாறு. டச்சுக்காரர்கள் பின்னர் பழுதுபார்த்ததால் பெயர் அவர்களுக்குப் போயிற்று. பள்ளியறைச் சுவர் முழுவதும் ராமாயணக் காட்சிகள். நடுமுற்றத்தில் அரச குலதெய்வமான பழையன்னூர் பகவதி கோவில் கொண்டிருக்கிறாள்.

ரயில்வேக்காரன் என்பதால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஷோரனூரிலிருந்து எறணாகுளத்துக்கு 1902-ல் ரயில் வந்ததே, அதற்குப் பணம் போதாமல் அன்றைய அரசர் ராம வர்மா திருப்பூணித்துறைக் கோவில் யானைகளின் தங்க நெற்றிப்பட்டங்களை விற்றார் என்று அந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

பரதேசி ஜெபக்கூடம்

அரண்மனையை அடுத்தாற்போல, பகவதி கோவிலுக்குக் கூப்பிடு தூரத்தில், யூதர்களின் ஜெபக்கூடம் இருக்கிறது. சினகாக் என்பார்கள். 1568-ல், அரசர் கொடுத்த நிலத்தில் கட்டியது. பெயர்ப் பலகையைப் படித்ததும் என் மனைவி சிரித்துவிட்டாள்: பரதேசி சினகாக்! நம் பேச்சில் அது வசைச் சொல். உண்மையில் பர தேசத்திலிருந்து வந்தவன் என்பதுதான் பொருள். ஸ்பெயின் முதலிய நாடுகளிலிருந்து துரத்தப்பட்டு வந்த யூதர்களுக்கு, முன்பே இருந்த மலபார் யூதர்களிடமிருந்து பிரித்துக்காட்ட வந்த பெயர். “அப்போ நாமளும் பாம்பேல பரதேசிதான்” என்றாள் மனைவி. மறுக்க முடியவில்லை.

1662-ல் போர்த்துக்கீசியர் இந்தக் கூடத்தைத் தாக்கிச் சேதப்படுத்தினார்கள். டச்சுக்காரர் வந்தபின் 1664-ல் செப்பனிட்டார்கள். மணிக்கூண்டு 1760-ல் எசக்கியேல் ராகபி என்ற பெரு வணிகர் கட்டியது. அதில் ஹீப்ரு, ரோமன், மலையாளம் என்று முகத்துக்கு ஒரு வகை எண்கள். மலையாள எண்களில் சில நம் பழைய தமிழ் எண்களைப் போலவே இருக்கின்றன. தரையில் சீனத்திலிருந்து வந்த நீல வெள்ளை ஓடுகள், கையால் வரைந்தவை. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடுதான் உள்ளே போகவேண்டும். உலகின் மற்ற யூதர்களிடம் சாதாரணமாக இல்லாத இந்தப் பழக்கம், பக்கத்துக் கோவிலையும் மசூதியையும் பார்த்து வந்திருக்கலாம்.

தமிழர்களாகிய நாம் கவனிக்கவேண்டியது இவர்களுடைய செப்பேடு. சுமார் கி.பி. 1000-ல் சேர அரசர் பாஸ்கர ரவிவர்மர், முயிரிக்கோட்டில் இருந்தபடி, ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு அளித்த உரிமைகள் அதில் உள்ளன. எழுத்து வட்டெழுத்து. மொழி, தமிழும் மலையாளமும் முற்றிலும் பிரியாத காலத்து மொழி. ஜோசப் ரப்பான் அதில் இசுப்பு இரப்பான் ஆகிறார். அவருக்குக் கொடுத்தவற்றில் பகல்விளக்கு, பாவாடை, குடை, பறை, தோரணம் ஆகியவை உண்டு. பாவாடை என்றால் இங்கே நடப்பதற்கு விரிக்கும் துணி. கடல் கடந்து வந்த ஒருவருக்கு ஓர் அரசர் தந்த மரியாதையை ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் நாம் அகராதி இல்லாமல் பாதிக்குமேல் புரிந்துகொள்ள முடிகிறது.

இப்படி எல்லாரையும் வரவேற்ற ஊர் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அது முழு உண்மை ஆகாது. ஜெபக்கூடத்துக்குள்ளேயே பாகுபாடு இருந்தது. விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தவர்கள், அவர்களும் யூதர்களாக இருந்தும், மற்றவர்களோடு சமமாக உள்ளே அமர முடியாது. அந்தப் பிரிவில் பிறந்த வழக்கறிஞர் ஏ. பி. சேலம் காந்தியடிகளின் வழியில் சத்தியாகிரகம் செய்தார். படிப்படியாகத் தடை தளர்ந்தது. பக்கத்துத் திருவிதாங்கூரில் 1936-ல்தான் கோவில் கதவுகள் எல்லா இந்துக்களுக்கும் திறந்தன என்பதையும் சேர்த்து நினைக்கவேண்டும். ஒருவருக்கொருவர் இடம் கொடுத்தவர்கள் தங்களுக்குள் இடம் கொடுக்கத் தாமதித்தார்கள்.

பத்துப் பேர்

யூதர்களின் கூட்டு ஜெபத்துக்கு வயதுவந்த ஆண்கள் பத்துப் பேர் வேண்டும். மின்யான் என்பார்கள். தனியாக வணங்கலாம், ஆனால் பத்துப் பேர் சேராமல் தோரா சுருளை முறைப்படி வாசிக்க முடியாது. 1948-ல் இஸ்ரேல் உருவானபின், இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் இருந்த கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் அடுத்த சில ஆண்டுகளில் புறப்பட்டுவிட்டார்கள். யாரும் துரத்தவில்லை, புதிய நாட்டில் வாழ்வு தேடிப் போனார்கள், நாம் ரயிலேறியதைப் போல. 1968-ல் இந்தக் கூடத்தின் 400-ஆம் ஆண்டு விழாவுக்கு இந்திரா காந்தி வந்தார், தபால்தலை வெளியிட்டார்கள். அதற்குப் பின்னும் ஆட்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். அந்தத் தெருவில் பூவேலை செய்த துணி விற்று எல்லோருக்கும் அறிமுகமான சாரா கோஹன் 2019-ல் தமது 96-ஆம் வயதில் காலமானார். இப்போது தெருவில் வாசனைச் சரக்குக் கடைகளும் பழம்பொருள் கடைகளும்தான்.

பரதேசிக் கூடமாவது பார்வையாளர்களால் பொலிவோடு இருக்கிறது. சற்றுத் தள்ளியுள்ள கடவும்பாகம் ஜெபக்கூடம் மலபார் யூதர்களுடையது. ஆளில்லாமல் போனபின் அது பல ஆண்டுகள் கிடங்காக இருந்தது. அதன் உள்மரவேலைப்பாடுகள் ஜெருசலேமில் உள்ள இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 2019 மழையில் கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. பாலங்களையும் சுவர்களையும் பார்த்தே பிழைத்தவன் நான். அந்தச் சுவர் மழையில் விழுந்தது என்று எழுதுவார்கள். தினமும் கதவைத் திறந்து பார்க்க ஆளில்லாததால் விழுந்தது என்றுதான் நான் சொல்வேன்.

திரும்பும்போது ஃபோர்ட் கொச்சி வேளியில் இருக்கும் சலவைத் துறைக்குப் போனோம். அங்கே துவைப்பவர்கள் தமிழர்கள். டச்சுக்காரர் காலத்தில் படைவீரர்களின் துணி வெளுக்க முன்னோர்கள் அழைத்து வரப்பட்டதாகச் சொல்கிறார்கள். கரி இஸ்திரிப் பெட்டியோடு நின்ற பெரியவரிடம், “ஐயா, உங்களுக்கு எந்த ஊரு?” என்று கேட்டேன். “இதுதான் ஊரு. பேச்சு மட்டும் தமிழு” என்றார். காலை முதல் மாலை வரை ஒரே இடத்தில் கூடி, பேசிக்கொண்டே வேலை செய்கிறார்கள். அவர்களிடம் தமிழ் நிற்பதற்கு எனக்குத் தெரிந்த காரணம் அதுதான்.

ரயிலில் வரும்போது பேத்தி கேட்டாள்: “தாத்தா, நம்ம சங்கத்துத் தமிழ் கிளாஸ்ல எத்தனை பேரு?” போன வருஷம் பதினாலு பேர். இப்போது ஆறு. அவளையும் சேர்த்துத்தான்.

போகிறவர்களுக்கு

ஜெபக்கூடம் சனிக்கிழமையும் யூதப் பண்டிகை நாட்களிலும் திறக்காது. வெள்ளி பிற்பகலிலேயே மூடிவிடுவார்கள். அரண்மனைக்கு வெள்ளி விடுமுறை. ஆகவே செவ்வாய், புதன், வியாழன் நல்லது. எல்லா இடத்துக்கும் ஏற்றபடி தோளும் முழங்காலும் மறையும் உடை அணியுங்கள். எளிதில் கழற்றும் செருப்பாக இருக்கட்டும். எறணாகுளத்திலிருந்து படகில் போனால் பிள்ளைகள் மகிழ்வார்கள்.

தமிழ் வகுப்பு வழக்கம்போல ஞாயிறு காலை பத்து மணிக்கு, சங்கக் கட்டடத்து மாடியில். சாவி என்னிடம் இருக்கிறது. பிள்ளைகளை அனுப்புங்கள்.