துடுப்பும் வைர ஊசியும்

பூரணை இரவில் கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியை வாவி நீரில் ஆழ்த்தி, மறு நுனியைக் காதோடு பொருத்திப் பாடும் மீனைக் கேட்பது மட்டக்களப்பாருக்குப் பழகிய செயல். "ஆடாத மனே, ஆடினா உன்ட சத்தந்தான் உனக்குக் கேக்கும்" என்பார் என் தந்தை. பௌதிகவியல் ஆசிரியனாகிய பின், மீகடத்திகளைப் பற்றிப் படிக்குந்தோறும் அச்சொல் நினைவில் எழுகின்றது.

மின்னோட்டம் தடையேயின்றிப் பாயும் விந்தையை 1911 இல் ஒல்லாந்து அறிஞர் கமர்லிங் ஓன்ஸ் இரசத்திற் கண்டார். அதற்குத் தனிப்பூச்சியத்திற்கு மேல் 4.2 பாகை என்னுங் கடுங்குளிர் வேண்டியிருந்தது. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் உருவான 1986 ஆம் ஆண்டிலேயே, சூரிச் நகரத்துப் பெட்நோர்ஸ், மியுல்லர் இருவரும் செம்பு ஒட்சைட்டுப் பொருளொன்றில் அதனினும் பன்மடங்கு உயர்ந்த வெப்பநிலையில் அவ்விந்தையைக் கண்டனர். மறு ஆண்டு வந்த இற்றியம் கலந்த பொருள் 93 பாகையிலேயே மீகடத்தியாயிற்று. அதற்குத் திரவ நைதரசனின் குளிரே போதும்.

காரணம் யாது? அங்கேதான் வழக்கு. காந்தம் மீகடத்தலுக்குப் பகை என்பது பழைய பாடம். இப்பொருள்களிலோ அணுக்களின் சிறு காந்தங்கள் ஓயாது அலைகின்றன. அவ்வலைவே இலத்திரன்களைச் சோடி சேர்க்கின்றது என்பர் பலர். 1987 இல் அன்டர்சன், சூ என்போருடன் தமிழகத்து அறிஞர் கணபதி பாஸ்கரன் எழுதிய கட்டுரையும் காந்த உறவிலேயே சோடிகளின் மூலத்தைத் தேடிற்று. தீர்ப்பு இன்னும் வரவில்லை. வந்தால், குளிரூட்டல் வேண்டாத மீகடத்தியை அறிந்தே ஆக்க வழி பிறக்கலாம். கம்பிகளில் வெப்பமாய் வீணாகும் மின்சாரமும் மிஞ்சும்.

ஆகவே, கேட்கப் புதியதொரு நுணுக்குக்காட்டி செய்தனர். அதன் ஊசிமுனை வைரம். அதனுள் காபன் அணு நீங்கிய வெற்றிடத்தருகே நைதரசன் அணுவொன்று அமர்ந்திருக்கும். பச்சை ஒளி பட்டால் அவ்விடம் செந்நிறமாய் ஒளிரும். அங்குள்ள இலத்திரன்களின் காந்த நிலைக்கேற்ப அவ்வொளி கூடும், குறையும். அந்நிலை எத்துணை விரைவிற் குலைகின்றதோ, அதுவே அருகிலுள்ள காந்த அலைவின் அளவு. எனினும் இச்செவிக்கு எட்டுவன மெதுவான அலைவுகளே. சோடி சேர்ப்பவை எனக் கருதப்படுபவை இவற்றினும் மிக விரைந்தவை. அன்றியும், கேட்கப் பாய்ச்சும் ஒளியே பொருளைச் சூடாக்கிவிடுதல் உண்டு. தந்தை எச்சரித்தது இதைத்தானே!

சென்ற பூரணையன்று பேரனைத் தோணியில் அழைத்துச் சென்றேன். "பாடுறது மீனா, ஊரியா, அப்பப்பா?" என்றான். அந்த வழக்கும் எங்கள் வாவியில் இன்னும் தீரவில்லை. துடுப்பை அவன் கையிற் கொடுத்து, "ஆடாத மனே" என்றேன்.