சைக்கிளுக்கும் ஒரு வழி வேண்டும்

திருப்பதியில் 2023-இல் ஸ்ரீநிவாச சேது மேம்பாலம் திறக்கப்பட்டது. பஸ்ஸுக்கும் காருக்கும் மேலே வழி பிறந்தது. சைக்கிளுக்கு? நம் அன்பர்கள் சிலரைக் கேட்டேன்.

"வண்டி நிறுத்தவே இடமில்லை, இதில் சைக்கிளுக்குத் தனிப் பாதையா?" என்றார் கடைக்கார நண்பர். "பாதயாத்திரை பக்தர்களுக்கு முதலில் நடைபாதை போடட்டும்" என்றார் ஒரு பெரியவர். பால் ஊற்றும் தம்பியோ, "பஸ் உரசிக்கொண்டு போகும்போது உயிர் போய் வருது சார்!" என்றார்.

ஐதராபாத்தில் அதே 2023-இல் வெளிவட்டச் சாலையோரம் 23 கிலோமீட்டருக்கு, சூரியத் தகடுக் கூரையுடன் சைக்கிள் பாதை திறந்தார்கள். அது ஊருக்கு வெளியே. நமக்கு வேண்டியதோ கடைவீதியில், பிழைப்புக்கு! கூரை வேண்டாம், கார் ஏறி நிற்காதபடி தடுப்புக் கல் போதும்.

அப்படி வந்தால் என் பெண்ணைச் சைக்கிளில் பள்ளிக்கு அனுப்புவேன். இன்று மனம் துணியவில்லை.