டர்போ டிராக்டருக்கு எந்த ஆயில்?

"நம் ஊர் வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் தாங்கும்" என்று கடையில் சொல்வார்கள். பழைய பம்ப்செட்டுக்குப் போடும் வெறும் 40-ஆம் நம்பர் ஆயிலையே டர்போ டிராக்டருக்கும் ஊற்றும் உழவர்கள் உண்டு. இது சரியல்ல.

டர்போவின் தண்டு நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடியது. அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலமே. காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கெட்டி ஆயில் அங்கே போய்ச் சேரத் தாமதமாகும். அந்தச் சில விநாடிகளில் புஷ் தேய்கிறது. டர்போவை மாற்றும் செலவோ ஆயிரக்கணக்கில்.

டப்பாவில் 15டபிள்யூ-40 என்று இருந்தால், முதல் நம்பர் குளிரில் ஆயில் எவ்வளவு இளக்கமாக இருக்கும் என்பதையும், 40 என்பது 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் அதன் கெட்டித்தன்மையையும் குறிக்கும். சூடேறிய பின் வெறும் 40-க்கும் இதற்கும் கெட்டித்தன்மை வரம்பு ஒன்றுதான். பிறகு வெயிலைச் சொல்லிக் கெட்டி ஆயில் வாங்குவானேன்?

கையேட்டில் உள்ள நம்பரையும் ஏ.பி.ஐ. தரத்தையும் பார்த்து வாங்குங்கள். கையேடு தொலைந்திருந்தால் (பெரும்பாலும் தொலைந்துதான் இருக்கும்) டிராக்டர் விற்பனையாளரிடம் மாடலைச் சொல்லிக் கேட்கலாம்.

உழுது முடித்ததும் எஞ்சினை உடனே நிறுத்தினால் ஆயில் ஓட்டம் நின்று, டர்போவின் சூட்டில் ஆயில் கருகும். 2, 3 நிமிடம் மெதுவாக ஓடவிட்டு நிறுத்தவும்.